முன்னணைக்குக் கேட்ட பிள்ளை

எங்கள் எஸ்டேட் டிவிஷனில் அந்த வருஷம் கைக்குழந்தை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் எங்கள் ஆட்களுடையது இல்லை. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்தெடுக்க வந்திருந்த ஒரு இளம் ஜோடியின் பெண் குழந்தை.

நான் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிள்ளை பார்க்கும் வேலை செய்கிறேன். கிரஷ் என்றுதான் சொல்வோம். காலையில் தேயிலைக் காட்டுக்குப் போகும் பெண்கள் வழியில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொட்டில் கட்ட உத்திரத்தில் இடம் போதாமல் ஜன்னல் கம்பியிலெல்லாம் கட்டியிருக்கிறோம். இப்போது எங்கள் பிள்ளைகள் வளர்ந்து திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போய்விட்டார்கள். பிரசவமும் அங்கேயே. லயம் என்கிற வரிசை வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. மீதியில் வடக்கிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் குழந்தையின் அம்மாவுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. என்னைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். அது ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் பொதுவான சொல். பத்து மணிக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை பால் கொடுக்க ஓடி வருவாள். நனையாமல் இருக்க இடுப்பில் கட்டிய படுதாவைக்கூட அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். புருஷனுக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை. அவன் மட்டும் நாலைந்து மலையாளச் சொல் கற்றுக்கொண்டிருந்தான்.

நான் எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் டீச்சரும்கூட. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சாயங்காலம் கோயிலில் பிள்ளைகளின் நாடகம் நடக்கும். தொழுவத்தில் பிறந்த ஆண்டவரைக் கிடத்திய தீவனத் தொட்டிதான் முன்னணை; அதில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைத்தான் கிடத்துவோம். அந்த வருஷம் வாலிபர்கள், பொம்மை வேண்டாம், நிஜக் குழந்தையையே கிடத்தலாம் என்று பிடிவாதமாக நின்றார்கள். ஆராதனை முடிந்து கமிட்டி உட்கார்ந்தது.

"பிள்ளைக்கு எங்க போறது? கிரஷ்ல கைப்பிள்ளைன்னு அந்த வடக்கத்திப் பிள்ள ஒண்ணுதான் இருக்கு" என்றேன்.

"அது பொட்டப் பிள்ளையாச்சே?" என்றார் கமிட்டிச் செயலாளர்.

"துணியச் சுத்துனா யாருக்குத் தெரியப் போவுது?" என்றது வாலிபர் கூட்டம்.

"அதுக்கில்லப்பா. அவுக நம்ம வேதக்காரவுக இல்ல. நாளைக்கு ஏதும் பேச்சு வந்துரும்" என்றார் செயலாளர்.

போதகர், "பிள்ளை பிள்ளைதானய்யா. பெத்தவங்க சம்மதிச்சாப் போதும்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

சம்மதம் வாங்குவது அத்தனை லேசாக இல்லை. நான் கையைக் காட்டிக் காட்டிக் குழந்தையைக் கேட்டதும், அவள் என்ன நினைத்தாளோ, பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். சாயங்காலம் புருஷன் வந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் சிரித்தாள். அப்புறம் அவளுக்கே ஆசை வந்துவிட்டது. மறுநாள் ஒரு மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்து காட்டி, இதைப் போடலாமா என்று சைகையில் கேட்டாள். போடலாம் என்று தலையாட்டினேன்.

நாடகத்தன்று காலையில் மூடுபனி இறங்கி, கிரஷ் வாசலில் நிற்கும் சவுக்கு மரமே தெரியவில்லை. அவன்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் பின்னால் வந்தாள்.

"சேச்சி, பனி. பனி" என்றான்.

ஒரு கணம் நான் வாசலைத்தான் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தான். மலையாளத்துப் பனி. காய்ச்சல். நெற்றி கொதித்தது. மூக்கில் சளி. சட்டையை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே குழி விழுந்தது. எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள் நான். அந்தக் குழிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

டிஸ்பென்சரிக்கு ஓடினோம். கம்பவுண்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வெகு நேரம் கேட்டார்.

"இவிடெ ஒண்ணும் செய்யான் பற்றில்ல சேச்சி. வேகம் தாழெ கொண்டு போ."

இங்கே ஒன்றும் செய்ய முடியாது, சீக்கிரம் கீழே கொண்டு போங்கள். கீழே என்றால் எங்களுக்கு போடிமெட்டு தாண்டி, மலையிறங்கி, தேனிப் பக்கம்.

எங்கள் லயத்து ஜீப் டிரைவர் கேள்வியே கேட்காமல் வண்டியை எடுத்தான். கிரஷிலிருந்த பெரிய பிள்ளைகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். நான் போகாவிட்டால் ஆஸ்பத்திரியில் அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை.

எஸ்டேட் ரோடு தார் ரோட்டில் சேருவதற்கு முந்தின வளைவில் டிரைவர் மெதுவாகப் பிரேக்கை மிதித்தான். எஞ்சினை அணைத்தான்.

"அக்கா, சத்தம் காட்டாதீக. ஒத்தையா நிக்கிது."

பனிக்குள் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு காது அசைந்தது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கொம்பன் ஆனை. நிதானமாக ஓரத்துப் புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தது. ஒருபக்கம் செங்குத்தான மண் கட்டு, ஒருபக்கம் பள்ளம். வேறு வழி கிடையாது.

"ஹாரன் அடிச்சா?"

"அடிச்சா இங்கதான் வரும். நம்மளால ஒண்ணும் முடியாதுக்கா. அதுவா போவணும்."

டிரைவர் வண்டியைச் சத்தமில்லாமல் பின்னால் உருட்டி வளைவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினான். போனில் வனத்துறை வாட்சரைக் கூப்பிட்டான். அவர்கள் வேறொரு பக்கம் வேறொரு ஆனைக்குப் போயிருந்தார்கள். வருகிறோம் என்றார்கள்.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை அழக்கூட இல்லை. அழுதிருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். ஒரு சின்ன முனகல், அப்புறம் மூச்சு, அப்புறம் முனகல். அவள் பால் கொடுக்கப் பார்த்தாள். பிள்ளை வாயை வைக்கும், இரண்டு இழுப்பு இழுக்கும், மூச்சு முட்டி விட்டுவிடும். பால் அதன் கன்னத்தில் வழிந்தது. அவள் தன் மொழியில் பிள்ளையிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். தாலாட்டா, கெஞ்சலா, எனக்குத் தெரியாது. புருஷன் வெளிறிப்போய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதாவது செய்வேன் என்று அவன் நினைத்ததுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நான் என் சேலைத் தலைப்பால் பிள்ளையின் மூக்கைத் துடைத்தேன். செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஜெபம் பண்ணப் பார்த்தேன். சபையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் என்னைத்தான் ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். வார்த்தை தடையில்லாமல் வரும். அன்றைக்கு வரவில்லை. ஆண்டவரே என்பதைத் தாண்டி ஒன்றும் வாயில் இல்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. எத்தனையோ வருஷமாக நான் சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறேன். சர்வ வல்லவர் நமக்காகக் குழந்தையாகப் பிறந்தார் என்று. ஆனால் என் மனதில் அது நாடகத்தில் வேஷம் கட்டுவது மாதிரிதான் இருந்திருக்கிறது. உள்ளே ராஜா, வெளியே குழந்தைத் துணி. வேண்டும்போது துணியை உதறிவிட்டு எழுந்து நிற்கலாம். அந்த ஜீப்பில் அவள் மடியில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்குப் பயமாகிவிட்டது. குழந்தை என்றால் வேஷம் இல்லை. குழந்தை என்றால் இது. கழுத்து நிற்காது. தன் சளியைத் தானே துடைக்க முடியாது. அம்மாவின் பால் நின்றுபோனால் தீர்ந்தது. அவர் நிஜமாகவே குழந்தையானார் என்றால் இப்படித்தானே ஆகியிருக்க வேண்டும்? குளிர்ந்த ராத்திரியில் பிறந்த பிள்ளைக்கு மூக்கடைத்திருக்காதா? அந்தத் தாயும் தன் முக்காட்டால் அதைத் துடைத்திருக்க மாட்டாளா?

அப்படியானால் நான் யாரிடம் உதவி கேட்கிறேன்? கேட்கப்படுகிறவரே ஒரு காலத்தில் யாராவது தூக்கினால்தான் உண்டு என்று கிடந்தவர். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அப்போது இல்லை. தாங்கிப் பிடிக்க இருந்த கம்பியும் கையோடு கழன்று வந்ததுபோல இருந்தது. ஆனால் ஜீப்பில் எங்களோடு அவரும் ஒன்றும் செய்யமுடியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு வந்தது, போகவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பனி கலைந்து வெயில் வந்துவிட்டது. வாட்சர்கள் வந்து சேருவதற்குள் ஆனை தானாகவே பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது. யாரும் விரட்டவில்லை. அதற்குப் புல் போதும் என்று தோன்றியிருக்கும். டிரைவர் வண்டியைப் பறக்கவிட்டான். பூப்பாறை, போடிமெட்டு, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நான் குனிந்து பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தேன். அசைகிறதா. அசைகிறது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். தாய் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். அவளுக்கு ஒன்றும் புரியாது, நானும் வருகிறேன் என்று கெஞ்சி நானும் போனேன்; புருஷன் வெளியே வராந்தாவில் நின்றான். மூக்கில் சின்னக் குழாயை வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண்.

"நெஞ்சு முழுக்க சளி கட்டிருக்கு. நீங்க யாரு, பாட்டியா?"

"இல்லம்மா. பிள்ளை பாக்குறவ."

"அவங்ககிட்ட சொல்லுங்க. நாங்க எல்லாம் செய்யிறோம். இன்னைக்குக் கழியட்டும், நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும்."

அதை எப்படிச் சொல்வது? நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை. ஆண் பிள்ளை. அதற்கும் மூச்சுத்தான். அதன் தாய் கீழே ஏதோ கிராமத்துப் பெண். எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று பார்த்ததும், கேட்காமலே ஒரு துண்டைக் கொடுத்தாள், பிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"மலையில இருந்தா வாரீக? அங்க குளுரு எப்பிடித் தாங்குவீக?" என்றாள்.

"பழகிரும்மா."

"இவனுக்கு வீட்டுக்குப் போனதும் காது குத்தணும். இவன் மாமன் வெளியூர்ல இருக்கான். அவனுக்குத்தான் காத்துட்டிருக்கோம்" என்றாள். தானாகச் சொன்னாள், சொல்லிவிட்டு மேலே பார்த்துக் கும்பிட்டாள். நான் அவள் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. போர்வையை இழுத்து மூடினேன்.

சாயங்காலம் சபையிலிருந்து போன் வந்தது. நாடகம் நடக்கப்போகிறது, பிள்ளைகள் ஜெபிக்கிறார்கள் என்றார்கள். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. நான் சரி என்று வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் காலையில் விடிந்து கொஞ்ச நேரம் ஆனதும் எங்கள் பிள்ளை கண்ணைத் திறந்தது. அந்தக் குழி குறைந்திருந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "பால் குடுத்துப் பாருங்க" என்றார். அவள் எடுத்து மாரில் வைத்தாள். பிள்ளை பிடித்தது. இழுத்தது. விடவில்லை. சப்பும் சத்தம் எனக்கே கேட்டது. அவள் என்னைப் பார்த்து, "தீதி, தீதி" என்று அழுதாள்.

அதே நேரத்தில் பக்கத்துக் கட்டிலைச் சுற்றி மூன்று நான்கு பேர் கூடிவிட்டார்கள். டாக்டர் பெண் இரண்டு விரலால் அந்தச் சின்ன நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். அப்புறம் நிறுத்தினாள். கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

அந்தத் தாய் கத்தவில்லை. திரும்பி எங்கள் பக்கம் பார்த்தாள். பால் குடிக்கும் பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. என்ன இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பிள்ளையின் தாய் அவசரமாகத் தன் தலைப்பால் பிள்ளையை மூடினாள். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்பதுபோல. மொழி தெரியாத ஊரில் அவளுக்கு அது மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது.

நான் எழுந்துபோய் அந்தத் தாய் பக்கத்தில் நின்றேன். தோளில் கை வைத்தேன். அவள் துண்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டு ஆட்கள் வந்து, பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்கள்.

எங்கள் பிள்ளை பிழைத்தது. பொங்கலுக்கு முன்பே கிரஷுக்கு வந்துவிட்டது. மழைக்கு முன்னால் அந்தக் குடும்பம் ஊருக்குப் போனது. ஒருமுறை போனில் பிள்ளையின் சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். அப்புறம் அந்த நம்பரை யாரும் எடுக்கவே இல்லை. எங்கோ நடக்கப் பழகியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. அன்றைக்கு ஆண்டவர் செய்த நன்மையைப் பற்றிச் சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். ஆனை விலகியது, பிள்ளை கிறிஸ்துமஸ் காலையில் கண் திறந்தது, எல்லாம் அதற்குள் எஸ்டேட் முழுக்கப் பரவியிருந்தது. அற்புதம் என்று பேசிக்கொண்டார்கள். நான் போய் நின்றேன். ஜீப்பைப் பற்றிச் சொன்னேன், ஆனையைப் பற்றிச் சொன்னேன். பிள்ளை பால் குடித்ததைச் சொன்னபோது எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு பிள்ளை இருந்திச்சு. அதே நேரத்துல அது செத்துப்போச்சு. அதோட தாயும் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தா. நம்ம பிள்ளைக்கு மட்டும் நடந்தத நான் எப்பிடி அற்புதம்னு சொல்லட்டும்?"

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எனக்கு, பெத்லகேமின் ஆண் பிள்ளைகளையெல்லாம் கொல்லச் சொன்ன ஏரோது ராஜாவின் ஞாபகம் வந்துகொண்டிருந்தது. சண்டே ஸ்கூலில் அந்தக் கதையை நான் எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவேன். மரியாளின் பிள்ளை தப்பி எகிப்துக்குப் போகிறது. பெத்லகேமில் மற்ற தாய்மாரின் பிள்ளைகள் தப்பவில்லை. இரட்சகர் பிறந்த ஊரிலேயே அத்தனை வீட்டில் அழுகை. பிள்ளைகள் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதையும் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து வாசலில் போதகரிடம், "தப்பாப் பேசிட்டேனாய்யா? பெத்லகேம்ல மத்த தாய்மாரு பிள்ளைகளுக்கு ஏன் அப்பிடி ஆச்சுன்னுதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்திச்சு" என்று கேட்டேன்.

அவர் அங்கியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க கேட்டதப் பத்தி நானும் படிச்சிருக்கேன். பிரசங்கமும் பண்ணிருக்கேன். ஆனா பதில் இல்ல. ஆண்டவர் பொழச்சதும் தப்பிச்சு இருந்துக்கிறதுக்கு இல்ல, வளந்து சிலுவைக்குப் போறதுக்குத்தான். அந்தத் தாய்மாரு அழுத இடத்துக்கு அவரும் வந்து சேந்தாரு. அது வரைக்குந்தான் எனக்குத் தெரியும்."

அது வரைக்கும்தான் எனக்கும் தெரியும். பிறப்பின் அர்த்தம் என்ன என்று இப்போது பிள்ளைகள் கேட்டால், பலமாக எதுவும் சொல்ல வருவதில்லை. வந்தார், தப்பிக்கவில்லை என்கிறேன். அவர்கள் அடுத்து என்ன என்பதுபோலப் பார்க்கிறார்கள்.

சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் கீழ் லயத்திலிருந்து ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். என் வயதுக்காரி. இத்தனை வருஷமாகக் கோயிலில் ஒரே வரிசையில் நின்று பாடியிருக்கிறோம். வீட்டுக்கு வந்ததில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"எனக்கு மொதல்ல ஒரு பையன் இருந்தான்க்கா. உங்களுக்குத் தெரியாது. நான் இங்க வாக்கப்பட்டு வாரதுக்கு முந்தி, மொதப் புருசனோட வண்டிப்பெரியார் எஸ்டேட்ல இருந்தப்ப. இதே மாதிரி மூச்சுத்தான்."

"யார்ட்டயும் சொன்னதில்லையா?"

"இப்ப உள்ள வீட்டுக்காரருக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. சாட்சி சொல்ற நேரம் வந்தாலே நான் வெளிய எந்திரிச்சுப் போயிருவேன். இன்னைக்கு வாசல்ல நின்னு கேட்டேன். பொழச்சதத்தான சாட்சின்னு சொல்லுவாக? எம்பிள்ளை பொழைக்கலையே. நான் என்னத்தச் சொல்ல?"

"அவன் எப்பிடி இருப்பான்?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை என்று தெரிந்தது.

"கருப்பா இருப்பான்க்கா" என்றாள். "தலை நெறைய முடி. சிரிச்சா ஒரு பக்கம் மட்டுந்தான் குழி விழும்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.